இரண்டு நாள் லீவுக்கு நான் எழுதிய காரணம்

படிவம் நிரப்புவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஐம்பத்தேழு வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. அதன்பிறகு என் படிப்பெல்லாம் படிவங்கள்தான். இராமேஸ்வரத்துக்குப் பக்கத்து அகதி முகாமில் தமிழில் நிரப்பினேன். ஜெர்மனியில் ஒரு சொல்லும் விளங்காமல், பக்கத்தில் இருந்தவர் எங்கே புள்ளடி போடுகிறார் என்று பார்த்து நானும் போட்டேன். அவர் குடும்பஸ்தர். அந்த நாட்டுப் பதிவுகளின்படி பெண்ணான எனக்கு இன்றைக்கும் ஒரு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கக்கூடும்.

கனடாவில் அகதிக் கோரிக்கைக்கு நிரப்பியதுதான் என் பட்டப்படிப்பு. வழக்கறிஞர் சொல்லித் தந்தார்: ஒரு பெட்டியையும் வெறுமையாக விடாதே. வெறும் பெட்டியைக் கண்டால் அதிகாரிக்குச் சந்தேகம் வரும். கேட்டதற்குப் பதில் எழுது. கேட்காமல் விட்டாலும் பின்னால் கேட்பார்கள் என்று தோன்றுவதற்கும் பதில் எழுது. ஆதாரமாக ஏதாவது ஒரு கடிதத்தை இணைத்துவிடு. அப்படிச் செய்ததால்தான் இந்த நாட்டில் இருக்கவிட்டார்கள் என்று எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேரைப்போல நானும் நம்பினேன். ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் நான் வாடகைக்கு இருக்கும் கட்டடத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு ஒரு படிவம் வந்தது. ஒவ்வாமை ஏதாவது உண்டா என்று ஒரு பெட்டி. இல்லை என்று எழுதினால் முடிந்திருக்கும். பிள்ளைக்கு மூன்று வயதில் உடம்பெல்லாம் கொப்புளம் போட்டு அம்மாள் வருத்தம் வந்து மாறியது, தகப்பனுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது, தாய்க்கு நீரிழிவு என்றெல்லாம் எழுதி, தடுப்பூசி அட்டையின் பிரதியையும் இணைத்துக் கொடுத்தேன். ஆசிரியை தொலைபேசி எடுத்து வீட்டில் எல்லோரும் சுகமா என்று விசாரித்தார். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

வேலை என்று பார்த்தால், ஓர் இடத்தில் நிலைத்து நின்றதாக என்னைப்பற்றி யாரும் சொல்ல முடியாது. சென் ஜேம்ஸ் ரவுணில் ஏழு பேரோடு ஓர் அறையில் தொடங்கி இதுவரை பதினொரு முகவரி மாறியிருக்கிறேன். ஹோட்டல் துணி தோய்த்தேன், கோழி வெட்டினேன், முதியோர் இல்லத்தில் கிழங்கு உரித்தேன், ஒரு குளிர்காலம் முழுக்க மொன்றியலில் பனியில் நின்று கார் கழுவினேன். சலிப்பு வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். இப்போது இருக்கும் பொதி கட்டும் வேலையில் மட்டும் ஆறு வருடம் தாக்குப்பிடித்திருக்கிறேன். ஸ்காபரோவின் வடக்கு ஓரத்தில் ஒரு கிட்டங்கி. இயந்திர உதிரிப்பாகங்களைப் பெட்டியில் அடுக்கி, ஒட்டி, அனுப்புவது எங்கள் வேலை. கம்பனியின் தலைமை அலுவலகம் அமெரிக்காவின் தெற்கு மாநிலம் ஒன்றில் இருக்கிறது.

எங்கள் சூப்பர்வைசர் தீவுப்பகுதியைச் சேர்ந்த கத்தோலிக்கர். என்னைவிட மூன்று வயது இளையவர். ஆனாலும் சூப்பர்வைசர் என்பதால் நான் அவரை அண்ணை என்பேன். நான் மூத்தவள் என்பதால் அவர் என்னை அக்கா என்பார். இருவரும் மாறி மாறி மரியாதை கொடுத்து யார் பெரியவர் என்பதைத் தீர்க்காமலே வைத்திருந்தோம்.

ஒரு கோடைகாலத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அறிவித்தல் வந்தது. சாப்பாட்டறைச் சுவரில், மைக்ரோவேவைத் துடைத்துவிட்டுப் போகவும் என்ற கட்டளைக்குப் பக்கத்தில் அண்ணை அதை ஒட்டினார். தங்கள் இடத்தில் கிடைக்காத மருத்துவ சிகிச்சைக்காக வேறு இடத்துக்குப் போகவேண்டிய ஊழியருக்குப் பயணச் செலவைக் கம்பனி ஏற்கும். கூடப் போகிறவரும் இதே கம்பனியின் ஊழியர் என்றால் அவருக்குச் சம்பளத்தோடு இரண்டு நாள் லீவு. கீழே ஒரு தொலைபேசி எண், அதற்கும் கீழே ஒரு சிறிய வரி. கருக்கலைப்பு என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

வழக்கம்போல என்னைத்தான் வாசித்துச் சொல்லச் சொன்னார்கள். ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று விளங்கப்படுத்தினேன். பல்லுக் கட்ட இந்தியாவுக்குப் போனாலும் தருவார்களோ என்று ஒருவர் கேட்டார். தரமாட்டார்கள் என்று தீர்ப்புச் சொன்னேன். அங்கே சட்டம் மாறிவிட்டது, அந்த மாநிலத்துப் பெண்கள் இனி வேறு இடத்துக்குத்தான் போகவேண்டும், அதற்காகத்தான் இது என்று தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்து எங்களோடு பகுதிநேரம் வேலை செய்யும் பெண் மெதுவாகச் சொன்னாள். எல்லோரும் சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்தோம். ஒன்ராரியோவில் இருக்கிற எங்களுக்கு இது எதற்கு என்று யாரோ கேட்க, கதை முடிந்தது.

செப்டெம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு ஓர் அழைப்பு வந்தது. முன்பு எங்கள் கிட்டங்கியின் முன் அலுவலகத்தில் வேலை செய்த பெண். இருபத்தாறு வயது. இங்கேயே வளர்ந்த பிள்ளை. கெட்டிக்காரி என்பதால் சில மாதங்களுக்கு முன்புதான் தலைமை அலுவலகத்துக்கு, அந்தத் தெற்கு மாநிலத்துக்கு, அனுப்பியிருந்தார்கள். இங்கே இருந்த காலத்தில் என்னோடு ஒரே பஸ்ஸில் வருவாள். பெற்றோர் பக்கத்து அஜின்கோர்ட்டில் இருக்கிறார்கள். தகப்பன் எங்கள் சூப்பர்வைசர் போகும் அதே மாதா கோயிலில், அதே பாடகர் குழுவில் இருப்பவர்.

சுகம் விசாரித்தேன். அவள் நேரே விஷயத்துக்கு வந்தாள். ஒன்பது வாரம். அங்கே செய்ய முடியாது. கம்பனி கொடுத்த எண்ணுக்கு எடுத்தாள். அங்கே பேசிய பெண் என்ன வருத்தம் என்றுகூடக் கேட்காமல் எந்த ஊருக்கு எப்போது என்று மட்டும் கேட்டாளாம். தெரியாத ஊரில் ஹோட்டல் அறையில் தனியே கிடக்க முடியாது என்று ரொறன்ரோ என்று சொல்லிவிட்டாள். இங்கே ஒரு கிளினிக்கில் நாளும் எடுத்துவிட்டாள். யாரால் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

“அம்மா அப்பாவுக்குத் தெரியக் கூடாது, அன்ரி. தெரிஞ்சா எனக்குத் திரும்பி வர ஒரு வீடு இல்லை” என்றாள்.

ஏன் என்னைத் தெரிவு செய்தாய் என்று கேட்டேன். ஏதாவது நல்லதாகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

“உங்களுக்குத்தான் ஒருத்தரும் இல்லை. யூ நோ, நீங்கள் ஒரு கலியாணத்துக்கும் போறேல்லை. ஆருக்குப் போய்ச் சொல்லப் போறியள்?”

அவள் சொன்னது சரி. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்கக்கூடிய வசனமில்லை அது.

அதற்கு அடுத்த வாரம் செவ்வாய் வந்து புதன் சிகிச்சை. எனக்கு இரண்டு நாள் லீவு வேண்டும். சுகமில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் சுவரில் இருந்த அறிவித்தல் என் மூளைக்குள் மின்னியது. கூடப் போகிறவருக்குச் சம்பளத்தோடு லீவு. வேலை செய்யாத ஒரு நாளுக்கு யாரும் எனக்குச் சம்பளம் தந்ததில்லை. ஒருமுறையாவது அது எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை வந்தது. மறுநாள் அண்ணையின் அறை வாசலில் அடுக்கியிருக்கும் லீவுப் படிவம் ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்தப் படிவத்தில் காரணம் என்ற பெட்டி ஒரு விரல் நீளம்தான். எனக்கு அது போதவில்லை. தெளிவான பெரிய எழுத்தில், நான் யாருக்குத் துணையாகப் போகிறேன் என்று அவளுடைய முழுப் பெயரையும் எழுதினேன். என்ன சிகிச்சை, எத்தனை வாரம், எந்த ஊரிலிருந்து வருகிறாள் என்று எழுதினேன். வேறு விபரங்கள் என்று கீழே ஒரு பெரிய பெட்டி இருந்தது. அதைக் கண்டதும் கை தானாக ஓடியது. சொந்தக் குடும்பம் பக்கத்தில் இருக்கும்போது ஏன் உன்னைக் கூப்பிட்டாள் என்று பிறகு கேட்பார்கள். ஆகவே அதற்கும் பதில் எழுதினேன். அவள் எனக்கு அனுப்பியிருந்த கிளினிக் கடிதத்தை நூலகத்தில் அச்செடுத்து இணைத்தேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து போகும்போது அண்ணையின் மேசைத் தட்டில் வைத்தேன். அவர் கழிவறைக்குப் போயிருந்தார். பஸ்ஸில் வரும்போது ஒரு நல்ல வேலையை ஒழுங்காகச் செய்து முடித்த திருப்தி இருந்தது.

திங்கட்கிழமை அண்ணை என் பக்கம் வரவில்லை. மத்தியானம் தூரத்தில் நின்று, லீவு சரி என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். முகம் வீங்கினதுபோல இருந்தது. பல்வலி என்று நினைத்தேன்.

செவ்வாய் காலை விமான நிலையம் போனேன். ரகசியமான அலுவல் என்பதால் பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டு, தலையைச் சால்வையால் மூடியிருந்தேன். பஸ்ஸில் இருந்த ஒரு பெண் இரண்டு வரிசைக்கு அப்பாலிருந்து, கண் ஒப்பரேசன் நல்லபடி முடிந்ததா அக்கா என்று கேட்டாள். எந்த ஆஸ்பத்திரி, யார் டொக்டர், எந்தக் கண் என்று அடுத்தடுத்துக் கேள்விகள். இறங்கும்வரை எனக்கு இல்லாத கண்புரையைப்பற்றிப் பொய் சொல்லவேண்டியிருந்தது. கண்ணாடி போடாமல் போயிருந்தால் என்னை ஒரு நாயும் திரும்பிப் பார்த்திருக்காது.

அவள் சிறிய பையோடு வந்தாள். முகம் மெலிந்திருந்தது. வாடகைக் காரில் என் அறைக்கு வந்து தேநீர் போட்டுக் கொடுத்தேன். கட்டிலில் சப்பணம் கட்டி உட்கார்ந்தவள் கொஞ்சம் தெளிந்து, வேலையில் என்ன சொல்லிவிட்டு வந்தீர்கள் என்று கேட்டாள். நான் பெருமையாகச் சொன்னேன். ஒரு பெட்டியும் விடாமல் நிரப்பிக் கொடுத்ததைச் சொன்னேன். கடிதம் இணைத்ததையும் சொன்னேன்.

அவள் கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

“ஆருக்குக் குடுத்தனீங்கள்?”

“அண்ணைக்குத்தான். சூப்பர்வைசருக்கு.”

“அந்த நோட்டீஸிலையே இருக்கு, அன்ரி. மனேஜருக்குச் சொல்லத் தேவையில்லை, அந்த நம்பருக்கு மட்டும் எடுக்கச் சொல்லி. என்ரை மனேஜருக்கே நான் ஏன் வந்தனான் எண்டு தெரியாது. டெக்சாசுக்காரனுக்குத் தெரியாது. இஞ்சை அப்பாவுக்குப் பக்கத்திலை நிண்டு பாடுற ஆளுக்குத் தெரியும்.”

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அந்த வரியை நான் சாப்பாட்டறையில் எல்லோருக்கும் உரத்து வாசித்தது நினைவுக்கு வந்தது. கடைசி வரி என்பதால் ரொட்டியைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டே வாசித்தேன்.

திரும்ப வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கிட்டங்கிக்கு இரண்டு பஸ். நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடமும் என்னை நானே திட்டுவதற்கு எனக்குத் தெரிந்த எல்லா மொழியும் போதவில்லை.

ஏனென்றால் இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஐரோப்பாவில், ஆட்களைக் கள்ளமாக எல்லை கடத்திவிடும் முகவர் ஒருவரின் வீட்டில் ஐந்து மாதம் அடைபட்டிருந்தபோது எனக்குக் கரு தங்கியது. யாரால் என்று விசாரணையில் சொன்னேன். இங்கே அது தேவையில்லை. ஒரு பெண் வந்து சமையலறை மேசையில் வைத்து அலுவலைப் பார்த்தாள். பத்து நாள் காய்ச்சல். பிறகு எழும்பி நடந்தேன். கனடாவில் கோரிக்கை விசாரணைக்குப் போனபோது எல்லாவற்றையும் சொல் என்றார் வழக்கறிஞர். சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் எங்கள் ஆள். கண்ணியமான மனிதர். தாழ்ந்த குரலில், ஒரு சொல்லும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார். நாலு வருடம் கழித்து ஒரு கலியாண வீட்டில் சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் அவர் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. தன் கையிலிருந்த நிரம்பிய தட்டை என்னிடம் தந்துவிட்டு, வெறும் தட்டோடு வரிசையின் கடைசிக்குப் போனார். அவ்வளவு கருணை. அதற்குப் பிறகு நான் கலியாண வீடுகளுக்குப் போவதில்லை.

இப்படி ஓர் ஆளாக இருந்துகொண்டு, இன்னொருத்தியின் கதையைப் பெரிய எழுத்தில் எழுதி, இணைப்போடு, தட்டில் வைத்திருக்கிறேன்.

அண்ணை அறையில் இருந்தார். தட்டு வெறுமையாக இருந்தது. என்னைக் கண்டதும் கதவைச் சாத்தச் சொன்னார். தன் ஜாக்கெட்டின் உள்பையிலிருந்து எட்டாக மடித்த தாள்களை எடுத்து மேசையில் வைத்தார்.

“வெள்ளிக்கிழமையிலையிருந்து இது என்ரை பொக்கெற்றுக்குள்ளைதான் கிடக்கு. பூசைக்கும் இதோடைதான் போனனான்.”

“ஆருக்கும் சொன்னனீங்களோ, அண்ணை?”

“மனிசிக்கும் சொல்லேல்லை. இருபத்தெட்டு வருசத்திலை அவவுக்கு நான் சொல்லாமல் விட்டது இது ஒண்டுதான்.”

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தினார்.

“ஏனக்கா எனக்கு எழுதித் தந்தனீங்கள்? காய்ச்சல் எண்டு சொல்லியிருந்தா நான் என்ன, நெத்தியிலை கை வைச்சுப் பாத்திருப்பனோ?”

“சம்பளத்தோடை லீவு எண்டு இருந்தது...”

அவர் என்னை ஒருவிதமாகப் பார்த்தார். திருடனைப் பிடித்தவர் திருடன் எடுத்தது ஒரு பழைய செருப்பு என்று கண்டால் அப்படித்தான் பார்ப்பார்.

பிறகு அவர் பேசியதை நான் அப்படியே சொல்கிறேன். பாதியில் நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

“சரி பிழை நான் கதைக்கேல்லை. அது அந்தப் பிள்ளையின்ரை அலுவல். எனக்கு அது தெரிய வேண்டிய தேவையே இல்லை, அதுதான் என்ரை கதை. தகப்பன் எனக்குப் பக்கத்திலை நிண்டு பாடுறவர். போன ஞாயிறு என்னட்டை மகளைப் பற்றிப் பெருமையாச் சொன்னவர். நான் புத்தகத்தையே பாத்துக்கொண்டு நிண்டனான். இனி ஒவ்வொரு ஞாயிறும் அப்பிடித்தான். நான் வாயைத் திறக்க மாட்டன். ஆனா வாசிச்சதை வாசிக்காமல் விட ஏலாதக்கா. உங்களிலை எனக்குக் கோவம். அது லேசிலை போகாது.”

போகவேண்டியதில்லை என்று சொன்னேன்.

அவர் புதிய படிவம் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். காரணம் என்ற பெட்டியில் சொந்த அலுவல் என்று எழுதச் சொன்னார். சம்பளம் கிடைக்காது, அதையும் சொன்னார். எழுதினேன். பேனையை மூடவில்லை. கீழே அந்தப் பெரிய பெட்டி வெறுமையாக என்னைப் பார்த்தது. அதில் இல்லை என்றாவது, பொருந்தாது என்றாவது ஒரு சொல் எழுத விரல் துடித்தது. அண்ணை மேசைக்கு அப்பாலிருந்து கையை நீட்டிப் பேனையைப் பறித்தார். என் வாழ்க்கையில் நான் நிரப்பிய படிவங்களில் அதுதான் கஷ்டமானது.

பழையதை அங்கேயே கிழிப்போம் என்றார். வேண்டாம், அது அவளுடையது என்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

நான் அறைக்குத் திரும்பியபோது அவள் அதே இடத்தில், அதே சப்பணத்தில் இருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவர் யாருக்கும் சொல்லமாட்டார் என்றேன்.

“எண்டு நீங்கள் சொல்லுறியள்.”

என் வாயிலிருந்து வரும் உறுதிமொழிக்கு அன்றைக்கு என்ன மதிப்பு என்று எனக்கே தெரிந்திருந்தது. அவள் தாளை விரித்து வாசித்தாள். என் ஆங்கிலப் பிழைகளில் ஓரிரு இடத்தில் உதடு கோணியது. கடைசிப் பெட்டியில் நிறையநேரம் நின்றாள். நான் அங்கே எழுதியிருந்தது ஏறக்குறைய இதுதான்: தாய் தகப்பன் நல்லவர்கள். அடிக்கமாட்டார்கள், துரத்தமாட்டார்கள். அழுதுவிட்டு மன்னித்துவிடுவார்கள். பிறகு இவள் வாழ்நாள் முழுக்க மன்னிக்கப்பட்டவளாக அந்த வீட்டில் இருக்கவேண்டும். அதனால் சொல்லவில்லை.

“இதை ஆர் உங்களுக்குச் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. பெட்டி பெரிசாக் கிடந்தது. எழுதினன்.”

அவள் இரண்டு தாளையும் நான்காகக் கிழித்து, பிறகு எட்டாகக் கிழித்து, கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு கழிவறைக்குப் போய்த் தண்ணீரில் விட்டாள். எங்கள் கட்டடத்துக் குழாய்களுக்கு அவ்வளவு காகிதம் தாங்காது. கிளினிக் கடிதத்தின் ஒரு துண்டு திரும்பி மேலே வந்தது. இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். மூன்றாவது தண்ணீரில் போனது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. அவள் கொஞ்சம் அழுதாள் என்றும் நினைக்கிறேன். நான் முகத்தைப் பார்க்கவில்லை.

புதன் காலை கிளினிக்குக்குப் போனோம். முன்மேசையில் இருந்த பெண் அவளிடம் மட்டும் பேசினாள். என்னிடம் யார் என்று கேட்கவில்லை, உறவு கேட்கவில்லை, கையெழுத்துக் கேட்கவில்லை. ஒரு தாள்கூடத் தரவில்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது. ஒரு தோட்டக்கலைச் சஞ்சிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். உள்ளேயிருந்து ஒரு தமிழ்க் குரல் கேட்டதும் சஞ்சிகையை முகத்துக்கு உயர்த்தினேன். துப்புரவு செய்யும் பெண். தொலைபேசியில் யாரிடமோ புட்டுக்கு மா பிசைந்து வைக்கச் சொல்லிக்கொண்டு போனாள். எங்களைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் இந்த இடத்தில் எதைப் பார்க்கக்கூடாது என்று என்னைவிட அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அவள் நடந்தேதான் வெளியே வந்தாள். பசிக்கிறது என்றாள். சோறும் தேங்காய்ப்பால் சொதியும் கேட்டாள். நான் வைத்த சொதியில் உப்புக் கூடிப்போனது. அம்மாவின் சொதியை நினைத்திருப்பாள். அம்மா பன்னிரண்டு நிமிடத் தூரத்தில் இருந்தார். ஆனாலும் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டுவிட்டு என் கட்டிலில் தூங்கினாள். வியாழனும் வெள்ளியும் நான் வேலைக்குப் போய்வந்தேன். வெள்ளி மாலை அவளை விமான நிலையத்தில் விட்டேன். இந்த முறை கறுப்புக் கண்ணாடி இல்லை.

வாசலில் நின்று சொன்னாள்: “நான் இனி உங்களுக்குக் கோல் எடுக்க மாட்டன், அன்ரி. இஞ்சை வந்தாலும் உங்களைப் பாக்க வரமாட்டன். கோவமில்லை. யூ அண்டர்ஸ்ராண்ட், ரைட்?”

ஓம் என்றேன். என்னைப் பார்க்க அவள் வந்தால், எதற்காக என்று கேட்க ஓர் ஊரே இருக்கிறது.

அதன்பிறகு நான் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை. அண்ணை என்னைப் பொருள் ஏற்றும் வாசலுக்கு மாற்றினார். கதவு நாள் முழுக்கத் திறந்திருக்கும், குளிர் நேரே முதுகில் அடிக்கும். நியாயம்தான் என்று இன்னொரு ஸ்வெற்றர் போட்டுக்கொண்டேன். அவர் வாயைத் திறக்கிறாரா என்று கவனிப்பதுதான் என் முழுநேரத் தொழிலானது. சாப்பாட்டறையில் அவர் இருமினாலும் நான் நிமிர்ந்து பார்த்தேன். முகத்தில் மாற்றம் தெரிகிறதா என்று அவருடைய நண்பர்களின் முகங்களைக்கூட ஆராய்ந்தேன். என் ஊகப்படி ஒக்டோபரில் மூன்று தடவை எல்லாம் வெளியே வந்துவிட்டது. மூன்று தடவையும் அவர்கள் பேசிக்கொண்டிருந்தது வீட்டு வட்டி வீதத்தைப்பற்றி.

நவம்பரில் ஒருநாள் வேலை முடியும் நேரம் அண்ணையின் மனைவி வாகனத் தரிப்பிடத்தில் எனக்காகக் காத்து நின்றார். கோயில் சாப்பாட்டு விற்பனைக்கு அந்தப் பிள்ளையின் தாயோடு சேர்ந்து ரோல்ஸ் சுற்றுகிறவர் அவர். எல்லாம் வெளியே வந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அவர் கேட்டது வேறு. தன் கணவர் இரண்டு மாதமாக ஞாயிறு பூசைக்கு வருவதில்லையாம். சனிக்கிழமை மாலைப் பூசைக்குத் தனியே போகிறாராம். பாட்டை விட்டுவிட்டாராம். கேட்டால் தொண்டை சரியில்லை என்கிறாராம். வீட்டில் எதையோ மறைக்கிறாராம். செப்டெம்பரில் ஒருநாள் அவர் உங்களோடு கதவைச் சாத்திப் பேசினதாக ஓர் ஆள் சொன்னார் என்று சொல்லிவிட்டு, என் முகத்தையே பார்த்தார்.

எனக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. விளங்கியதும் என் உடம்பில் ஓர் இதமான சூடு பரவியது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஐம்பத்தேழு வயதில் இப்படி ஒரு சந்தேகம் என்மேல் விழும் என்று யார் நினைத்தார்கள். மறுக்க வாய் வரவில்லை. மறுத்தால், அப்போ என்ன பேசினீர்கள் என்பது அடுத்த கேள்வி.

அவர் என்னை உச்சி முதல் பாதம்வரை ஒருமுறை பார்த்தார். நானே கத்தரித்துக்கொண்ட தலைமயிர், இரண்டு ஸ்வெற்றருக்கு மேலே ஆண்களின் ஜாக்கெட், இரும்பு முனை வைத்த சப்பாத்து. பார்வை கீழே இறங்க இறங்க அவருடைய முகத்தில் கவலை கரைந்துபோவதைக் கண்ணால் கண்டேன். சப்பாத்துக்கு வந்தபோது அவர் முழுக்கத் தேறிவிட்டார்.

“வேலை அலுவலாக்கும் என்ன, அக்கா?” என்றார் அன்பாக.

“ஓம். வேலை அலுவல்தான்.”

காரிலிருந்து ஆறு ரோல்ஸ் எடுத்து வந்து தந்தார். வாங்கிக்கொண்டேன். அவ்வளவு சீக்கிரம் தேறியிருக்க வேண்டாம் என்ற மனவருத்தத்தோடு பஸ்ஸில் ஆறையும் சாப்பிட்டேன்.

நத்தாரும் புத்தாண்டுமாக வந்த விடுமுறை முடிந்த முதல் நாள் அண்ணை பொருள் ஏற்றும் வாசலுக்கு வந்தார். நான் பெட்டி ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தேன். அவர் எனக்குப் பக்கத்தில் நின்று, வெளியே நின்ற லொறியைப் பார்த்துக்கொண்டு பேசினார். தான் நத்தார்ப் பூசைக்குப் போனதாகச் சொன்னார். அந்தப் பிள்ளை வந்திருந்ததாம். தாயும் தகப்பனும் இரண்டு பக்கமும். தகப்பன் கூப்பிட்டு மகளைக் காட்டினாராம். அண்ணை கைகொடுத்தாராம். தாய் அவளைப் பத்து நாள் நிற்கச் சொல்லி மறித்து, ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று சமைத்துப் போட்டாராம். போன கிழமைதான் திரும்பிப் போனாளாம்.

“அவைக்கு ஒண்டும் தெரியாது” என்றார். “நான் நல்லாப் பாத்தனான்.”

பத்து நாள் அவள் அஜின்கோர்ட்டில் இருந்திருக்கிறாள். எனக்கு இரண்டு பஸ் தூரம்கூட இல்லை. அந்தப் பத்து நாளும் நான் வழக்கம்போல கடைக்குப் போனேன், துணி தோய்த்தேன், ஒரு தடவை அந்தத் தெருவைத் தாண்டியும் போனேன்.

“உங்களைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லை, அக்கா.”

“கேக்க மாட்டா” என்றேன். என்னுடைய குரலில் பெருமை இருந்ததோ என்னவோ, அண்ணை முதல் தடவையாகத் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு நான் ஒட்டிய பெட்டியைப் பார்த்தார். முகவரிச் சீட்டைத் தலைகீழாக ஒட்டியிருந்தேன். அதைச் சுட்டிக்காட்டிவிட்டு உள்ளே போனார். வாசலிலிருந்து என்னை அவர் இன்னும் மாற்றவில்லை.